புறவாசலில் ஒரு பிராகாரம்

தென்காசி மாவட்டத்தில் சிவகிரியை அடுத்திருக்கும் ராயகிரியில், மேற்கு மலையின் காற்றோடு பொழுது விடிகிறது. தெருவாசலில் நீர் தெளிக்கும் ஓசை கேட்பதற்கு முன்பே, வீடுகளின் பின்புறத்தில் வாளிச் சத்தம் கேட்டுவிடும். வீட்டுப் பெரியவர்கள் எழுந்ததும் முதலில் செல்லும் இடம் புறவாசல். முகம் கழுவுவதும், கிழக்கு நோக்கிச் சூரியனைக் கும்பிடுவதும், பூசைக்குப் பூப் பறிப்பதும், துளசிக்கு நீர் வார்ப்பதும் அங்கேதான்.

அந்த வட்டாரத்தின் எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தார்சா, பட்டாசல், அடுக்களை, அதைத் தாண்டினால் புறவாசல். 20 அடி நீளம், 15 அடி அகலம். ஒரு மூலையில் கிணறும் துவைகல்லும். நடுவே பழைய துளசி மாடம். சுவரோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை, ஒரு பவழமல்லி. வீட்டில் இருப்பவர்கள் எழுபது கடந்த தாத்தாவும் ஆச்சியும். ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, துளசிக்கு விளக்கு வைக்கப் போன ஆச்சி சேற்றில் வழுக்கி விழுந்துவிடுகிறார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் முதல் புறவாசல் கதவைத் திறக்கவே அவருக்கு அச்சம். துளசி மாடத்து விளக்கு அடுக்களை நிலைப்படிக்கு இடம் மாறுகிறது.

செய்தி கேட்டு வெளியூரிலிருந்து மகன் ஓடி வருகிறார். "அம்மா, சுவர் முதல் சுவர் வரை டைல்ஸ் போட்டுவிடுவோம். சேறும் இருக்காது, குப்பையும் இருக்காது" என்கிறார்.

"எல்லாம் சரிப்பா. சாமிக்கு அபிஷேகம் செய்த தண்ணியை எங்கே ஊற்றுவது? கால் படாத இடம் ஒன்று வேண்டாமா?" என்று ஆச்சி கேட்கிறார்.

மகனுக்குத் தாயின் உடல் பற்றிய கவலை. தாய்க்குத் தம் அன்றாட வழிபாடு பற்றிய கவலை. இரண்டும் நியாயமானவையே. இன்று பல குடும்பங்களில் இந்த வழக்கு, பணம் அனுப்புகிறவரின் பக்கம் தீர்ந்துவிடுகிறது. புறவாசல் முழுதும் பளபளக்கும் ஓடு பதிக்கப்படுகிறது. அடுத்த மழையில் அதே ஓட்டில் மீண்டும் வழுக்குகிறது. மண்ணும் போயிற்று, பாதுகாப்பும் வரவில்லை. ஆகவே தளம் போடுவதற்கு முன் சற்றே யோசிக்க வேண்டும். அதற்கு வழிகாட்டும் இடம் தொலைவில் இல்லை. ஒவ்வொரு பிரதோஷத்துக்கும் வலம் வருகிற கோயில் பிராகாரமே அது.

கோயில் காட்டும் வழி

பழைய சிவாலயம் ஒன்றின் வெளிப்பிராகாரத்தைக் கூர்ந்து பார்த்தால் நம் முன்னோரின் கட்டடக் கலை விளங்கும். நடைபாதையில் பாவுகல் பரப்பித் தளவரிசை அமைத்திருப்பார்கள். அந்தக் கற்கள் வழவழப்பாக இல்லாமல் உளியால் பொளியப்பட்டுச் சொரசொரப்பாக இருக்கும். வெறுங்காலோடு ஆயிரம் பேர் நடந்தாலும் பிடிமானம் தரும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மெல்லிய இடைவெளி உண்டு. எல்லா இடத்தையும் கல்லால் மூடிவிடவும் இல்லை. தலவிருட்சத்தின் அடியில் மண் இருக்கும். நந்தவனத்துக்குத் தனி இடம் இருக்கும். கருவறையின் வடபுறத்துக் கோமுகி வழியாக அபிஷேக நீர் முறையாக வெளியேறும்.

குற்றாலநாதர் கோயிலில் குறும்பலா தலவிருட்சமாகப் போற்றப்படுகிறது. அந்தப் பலாவைத் தனியே பாடி ஒரு பதிகமே அருளியிருக்கிறார் திருஞானசம்பந்தர். சங்கரன்கோவிலில் அன்பர்கள் நெற்றியில் இட்டுக்கொள்ளும் பிரசாதம் புற்றுமண். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில், பெரியாழ்வார் பேணிய நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில்தான் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டாள் என்பது வரலாறு. மரத்தையும் மண்ணையும் துளசியையும் இவ்வளவு உயர்வாக வைத்த நாட்டில், வீட்டுப் புறவாசலில் ஒரு பிடி மண்ணும் இல்லாமல் செய்வது பொருந்துமா?

பிராகாரம் சொல்லும் பாடம் எளியது. நடக்குமிடத்துக்குக் கல், வளருமிடத்துக்கு மண், வழியும் நீருக்கு ஒரு வழி. இந்த மூன்றையும் அளவறிந்து பிரித்துக்கொண்டால் மகன் கேட்பதும் தாய் கேட்பதும் ஒரே முற்றத்தில் அமைந்துவிடும்.

முதலில் ஒரு பட்டியல்

கொத்தனாரை அழைப்பதற்கு முன், அந்த இடத்தில் ஓர் ஆண்டில் என்னென்ன நடக்கிறது என்று எழுதிப் பார்ப்பது நல்லது. நாள்தோறும் துளசி பூசை, கோலம், காக்கைக்குச் சோறு. அமாவாசையன்று தர்ப்பணம். கார்த்திகையில் அகல் வரிசை. தை முதல் நாள் பொங்கக்கட்டி வைத்துப் பானையேற்றுதல். கோடையில் வற்றலும் அப்பளமும் உலர்த்துதல். மாலையில் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டு அமர்ந்திருத்தல். இவை ஒவ்வொன்றுக்கும் வெயில் வேண்டுமா, நிழல் வேண்டுமா, கல் வேண்டுமா, மண் வேண்டுமா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சுண்ணாம்புப் பொடியால் தரையிலேயே கோடு கிழித்துப் பார்க்கலாம். இங்கே நடை, இங்கே மாடம், இங்கே பூச்செடி என்று வரைந்து, அந்தக் கோடுகளுக்குள்ளேயே மூன்று நான்கு நாள் புழங்க வேண்டும். காலை வெயில் எங்கே விழுகிறது, பிற்பகலில் நிழல் எங்கே வருகிறது, கிணற்றுக்குப் போகக் கால் எந்த வழியைத் தேடுகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். காகிதத்தில் வரைந்த படம் காட்டாத குறையை இந்தச் சுண்ணாம்புக் கோடு காட்டிவிடும். கோட்டை அழிக்கச் செலவில்லை. போட்ட தளத்தை உடைக்கத்தான் செலவு.

துளசி மாடம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் வேறுபடும். அவரவர் வீட்டு மரபைப் பின்பற்றலாம். எந்த இடமானாலும் போதிய வெயில் படவேண்டும். மாடத்தைச் சுற்றி வலம் வர நாற்புறமும் 3 அடி நடை இருக்கவேண்டும்.

தண்ணீரின் வழி

20 அடிக்கு 15 அடி என்றால் 300 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் அந்தச் சிறிய இடத்தில் மட்டும் ஏறக்குறைய 700 லிட்டர் நீர் விழுகிறது. 15 லிட்டர் குடத்தில் 45 குடத்துக்கும் மேல். அது முழுவதும் சிமெண்டுத் தரையில் விழுந்தால் தெருச் சாக்கடைக்குப் போகும். இல்லையேல் வீட்டுச் சுவரில் ஊறும். மண்ணில் இறங்கினால் நிலத்தடி நீராகிக் கிணற்றுக்கு ஊட்டம் தரும். தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைச் சேகரிக்கும் வீட்டிலேயே முற்றத்து நீரை வீணாக்குவது முரண்.

முற்றத்தின் தளம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரை விட்டு வெளிநோக்கி வாட்டம் விடவேண்டும். சொரசொரப்பான கல்லுக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்பது நல்ல கணக்கு. 15 அடி அகலத்துக்கு மறுகோடியில் 4 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இறக்கம் வரும். நடக்கிறவருக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். ஈசானிய மூலைக்கு நீர் ஓடுவது சிறப்பென்று கருதுவோர், நிலத்தின் இயற்கைச் சரிவும் அதற்கு இடம் கொடுத்தால் அவ்வாறே செய்யலாம். எவ்வாறாயினும், நீர் வீட்டுச் சுவரை நோக்கி ஓடும்படி மட்டும் ஒருபோதும் அமைக்கலாகாது.

தாழ்ந்த கோடியில் 3 அடி நீள அகலமும் 4 அடி ஆழமுமாக ஓர் உறிஞ்சுகுழி தோண்டி, அடியில் பெரிய கல், நடுவே ஜல்லி, மேலே மணல் என நிரப்பினால் மழைநீர் அதில் இறங்கும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்து அது விலகியே இருக்கவேண்டும். துவைகல்லின் சோப்புநீர் அதில் கலக்கக் கூடாது. அதற்கு அங்கணத்தின் வழியே வேறு வடிகால் வேண்டும்.

எந்தக் கல்?

வழவழப்பான டைல்ஸும் மெருகேற்றிய கிரானைட்டும் வீட்டுக்குள் அழகு. மழை படும் இடத்தில் ஆபத்து. சாரல் காலத்தில் குற்றாலத்தில் பாசி படிந்த கல்லில் கால் வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புறவாசலுக்கு ஏற்றது உளியால் கொத்திய கருங்கல் பலகை. கடப்பைக் கல்லானால் மெருகேற்றாததாகப் பார்த்து வாங்கவேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் பேவர் பிளாக் பதிக்கலாம். பின்னாளில் ஒரு கல் அமிழ்ந்தாலும் அதை மட்டும் எடுத்துச் சரி செய்துவிட முடியும்.

தென்காசிச் சீமையில் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் செல்லச் செல்லக் கரிசல் மண் மிகுதி. கரிசல் மழையில் பருக்கும். கோடையில் சுருங்கிப் பிளக்கும். ஒரே பாளமாகப் போட்ட சிமெண்டுத் தளம் இதைத் தாங்காமல் வெடித்துவிடும். மணல் படுகையில் தனித்தனியாகப் பாவிய கற்களோ மண்ணோடு சற்றே அசைந்து கொடுக்கும். பாவுகல் தளத்தின் நீண்ட ஆயுளுக்கு இந்த நெகிழ்வும் ஒரு காரணம்.

வெப்பத்தையும் எண்ண வேண்டும். சித்திரை நண்பகலில் கோயில் பிராகாரத்தில் நிழலுக்கு நிழல் தாவி ஓடாத பக்தர் உண்டா? அதனால்தான் கோயில்களில் தேங்காய்நார் விரிப்பு இடுகிறார்கள். நடைபாதையில் வெள்ளைப் பூச்சு பூசுகிறார்கள். கறுப்புக் கல் வெப்பத்தை அதிகம் வாங்கிக்கொள்ளும். வெளிர்நிறக் கல் அந்த அளவு சுடாது. கல்லின் மேல் ஒரு கீற்றுப் பந்தலோ, அதில் படரவிட்ட பிச்சிக்கொடியோ இருந்தால் பிற்பகலிலும் கால் வைக்கலாம். மாலையில் தொடுக்கப் பூவும் கிடைக்கும்.

மண்ணுக்குரிய பங்கு

300 சதுர அடியில் மூன்றில் ஒரு பங்கையாவது மண்ணாகவே விடுவது நல்லது. ஆச்சி கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சுவாமிக்கு அபிஷேகம் செய்த நீரும், களைந்த நிர்மால்யப் பூவும் மிதிபடும் இடத்தில் விழக்கூடாது என்பது ஆன்றோர் வழக்கம். தர்ப்பண நீரையும் மரத்தடியில் சேர்ப்பார்கள். சுவரோரத்தில் 2 அடி அகலத்துக்குப் பாத்தி விட்டு, அதன் விளிம்பில் நான்கங்குல உயரத்துக்குக் கல் நட்டுவிட்டால், அங்கே கால் படாது. செம்பருத்திக்கும் நந்தியாவட்டைக்கும் அந்த நீரே உணவு. நேற்றுச் சூடிய பூ மக்கி, நாளை பூக்கும் செடிக்கு உரமாகிறது.

பவழமல்லிக்குச் சற்று அகலமான வட்டம் வேண்டும். தரையில் உதிர்ந்த பூவைப் பூசைக்கு எடுப்பதில்லை என்பது பொதுவிதி; பவழமல்லி அதற்கு விலக்கு. இரவெல்லாம் பூத்து விடியலில் தானே உதிரும் அந்தப் பூவைப் பொறுக்கித்தான் சார்த்துகிறார்கள். ஆகவே அதன் அடியிலுள்ள மண்ணைக் கூட்டி, சாணம் மெழுகித் தூய்மையாக வைத்திருப்பது வழக்கம். அரளி வைப்போர் அது நச்சுச்செடி என்பதை மனத்தில் கொண்டு, குழந்தைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாத இடத்தில் வைக்கவேண்டும்.

பொங்கல் வைக்க 4 அடிச் சதுரம் ஒன்றையும் மண்ணாக விடலாம். கல் தளத்தின் மேலோ சிமெண்டின் மேலோ நேரே விறகுத்தீ மூட்டினால் அது சிதறித் தெறிக்கக்கூடும். அந்தச் சதுரம் மற்ற நாட்களில் கோலத்துக்கும், கார்த்திகையில் விளக்கு வரிசைக்கும் உதவும். அரிசிமாக் கோலம் வழவழப்பான ஓட்டில் நிற்பதில்லை. சாணம் மெழுகிய மண்ணிலும் கொத்திய கல்லிலும் நன்கு பற்றும், எறும்புக்கும் உணவாகும்.

முதிய கால்களுக்காக

இனி மகனின் கவலை. அடுக்களையிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் படி 6 அங்குல உயரத்துக்கு மிகாமலும், பாதம் முழுதும் பதியும்படி ஓர் அடி அகலத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். படியின் விளிம்பில் வெள்ளைக் கோடு இட்டால் மங்கிய கண்ணுக்கும் தெரியும். பக்கத்தில் 3 அடி உயரத்தில் கைப்பிடிக் குழாய் ஒன்று அவசியம். படிக்குப் பதில் சாய்தளம் வேண்டுமானால், 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் என்று கொள்ளலாம். சக்கர நாற்காலிக்கும் அது ஏற்ற சரிவு.

துளசி மாடத்தைக் குனியாமல் கும்பிடும்படி இடுப்பளவுக்கு, அதாவது 3 அடிக்கு எழுப்பலாம். விளக்குமாடம் கைக்கெட்டும் உயரத்தில், காற்று அணைக்காத பக்கத்தில் அமையட்டும். சுவரோரம் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை கட்டினால் உட்காரவும் எழவும் முழங்கால் நோகாது. செபமாலை உருட்டவும், கந்த சஷ்டிக் கவசம் பாராயணம் செய்யவும், சும்மா வானத்தைப் பார்க்கவும் அதுவே பீடம். நடைபாதையில் மேடு பள்ளம் கூடாது. கற்களுக்கிடையிலான இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் ஊன்றுகோல் மாட்டக்கூடும். இரவில் எரிய ஒரு விளக்கும், அதன் சுவிட்சு கதவுக்கு உட்புறத்திலும் இருக்கவேண்டும். மலையடிவார ஊர்களில் பூச்சி பொட்டு நடமாட்டம் உண்டு. எஞ்சிய செங்கல்லையும் விறகையும் மூலையில் குவித்து வைக்கலாகாது.

வேலை நாட்கள்

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. தை பிறந்தபின் மண் காய்ந்து இறுகும். நல்ல நாள் பார்த்து, மூத்தோர் கையால் பூமிக்கு மஞ்சளும் பூவும் இட்டுத் தொடங்கலாம். காலையில் எழுந்து தரையில் கால் வைக்குமுன் பூமித்தாயிடம் பொறுத்தருள வேண்டுவது நம் மரபு. தோண்டுவதற்கு முன் அந்த வேண்டுதல் இன்னும் பொருத்தம்.

நடைபாதையில் 8 அங்குலம் தோண்டவேண்டும். அதில் 4 அங்குலத்துக்கு உடைகல்லோ கிராவலோ பரப்பி, நீர் தெளித்துத் திமிசால் நன்றாக இடிக்கவேண்டும். அதன்மேல் 2 அங்குல மணல். அதன்மேல் 2 அங்குலக் கனமுள்ள பலகைக்கல். இப்போது கல்லின் மேற்புறம் பழைய தரைமட்டத்துக்கு வந்திருக்கும். நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, ஒவ்வொரு கல்லையும் மரச்சுத்தியால் தட்டி இருத்தவேண்டும். இறுதியில் இடைவெளிகளில் மணலைக் கூட்டி நிரப்பினால் தளவரிசை முடிந்தது. வேலையாட்கள் அவசரப்பட்டால் விட்டுவிடும் வேலை, திமிசு போடுவதுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த இடிப்பே கண்ணுக்குத் தெரியும் தளத்தைத் தாங்குகிறது. படிக்கும் திண்ணைக்கும் சிமெண்டு பயன்படுத்தினால் ஒரு வாரமாவது ஈரம் காயாமல் நீர் விடவேண்டும்.

முடிந்தவுடன் ஒரு சோதனை. இரண்டு குடம் தண்ணீரை வீட்டுப் பக்கமாக ஊற்றிப் பார்க்கவேண்டும். அது எங்கும் தேங்காமல் பாத்திக்கும் உறிஞ்சுகுழிக்கும் போய்ச் சேர்ந்தால் வேலை செம்மை. தேங்கினால் கொத்தனார் ஊரில் இருக்கும்போதே அந்தக் கல்லை எடுத்து மீண்டும் பதிக்கச் சொல்லலாம். பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன் பாசியைத் தேய்த்துக் கழுவி, இடைவெளியில் குறைந்த மணலை நிரப்பி, அமிழ்ந்த கல்லைத் தூக்கி வைத்தால் போதும்.

காத்தல் என்னும் புண்ணியம்

15-ஆம் நூற்றாண்டில் தென்காசிக் காசி விசுவநாதர் ஆலயத்தை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அக்கோயிலில் ஒரு பாடலைக் கல்லில் வெட்டுவித்தான். பிற்காலத்தில் இந்த ஆலயத்துக்கு ஏதேனும் குறை நேர்ந்து, அதை யார் வந்து சரிசெய்து காத்தாலும், அவர்களை இப்போதே பணிகிறேன் என்பது அதன் கருத்து. கட்டியவன் அரசன், வணங்கப்பட்டவர்களோ இன்னும் பிறவாத, பெயர் தெரியாத மனிதர்கள். கட்டுவதைவிடக் காப்பது எளிதன்று என்று அவன் அறிந்திருந்தான்.

வீட்டுக்கும் இது பொருந்தும். தாத்தாவின் தந்தை கட்டிய வீட்டில், ஆச்சி நாற்பது ஐம்பது ஆண்டுகளாக விளக்கேற்றிய முற்றத்தில் ஒரு குறை நேர்ந்தது. அதை மூடி மறைக்காமல் முறையோடு சீர்செய்யும் மகனும், அந்தப் பாண்டியன் பணிந்த வரிசையில் ஒருவரே.

மீண்டும் ஐப்பசி வரும். மலைப்பக்கம் இருண்டு மழை பிடிக்கும். சற்று ஓய்ந்த நேரத்தில் புறவாசல் கதவு திறக்கும். ஆச்சி கைப்பிடியைப் பற்றி ஒரு படி இறங்குவார். ஈரக் கல் காலைப் பிடித்துக்கொள்ளும். மழைநீர் பாத்தி பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். துளசி மாடத்து அகலில் திரி ஏறும். மூன்று முறை வலம் வந்து, திண்ணையில் அமர்ந்து, அவர் மெல்லக் கண் மூடுவார்.